பழைய ஹெரால்டும் மூன்றரை சதவீதமும்

தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையம் பெருங்களத்தூர். அங்கே ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை இருந்தது என்றால் இன்றைய மாணவர்கள் பலர் நம்பமாட்டார்கள். 1961-ஆம் ஆண்டு முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற சிறிய கார் அங்கேதான் உருவாயிற்று. 1980-களின் இறுதியில் தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது. ஆனால் அதன் பிள்ளைகளில் சில இன்னும் புறநகர்க் கொட்டகைகளில் படுதா போர்த்திக்கொண்டு நிற்கின்றன. "தாத்தாவின் காரை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியுமா, சார்?" என்று கேட்கும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது எனக்கு வாய்க்கிறார்.

முடியும். ஆனால் ஸ்பானரை எடுக்குமுன் பென்சிலை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹெரால்டு எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். உள்விட்டம் 63 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மி.மீ. உருளையின் கன அளவுக்கான சூத்திரம் உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு 237 கன செ.மீ., நான்குக்கும் சேர்த்து 948 வரும்.

திறனைக் கூட்டப் பட்டறைகளில் சொல்லும் முதல் வைத்தியம், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை இழைத்துக் குறைப்பது. அதனால் பெட்ரோல் கலந்த காற்று இன்னும் நெருக்கமாக அழுந்தும். அழுத்த விகிதம் 8 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம், 237-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 34 கன செ.மீ. விகிதத்தை 9 ஆக்க, இதை 30 அளவுக்குக் குறைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி கொள்ளும் இடத்துக்கும் குறைவு!

இதனால் என்ன லாபம்? பெட்ரோல் எஞ்சினின் லட்சியச் சுழற்சிக்கு ஆட்டோ சுழற்சி என்று பெயர். அதன்படி பயனுறுதிறன் 56.5 சதவீதத்திலிருந்து 58.5 சதவீதமாகிறது. உண்மை எஞ்சின் இவ்வளவு தராது என்றாலும், கூடுதல் திறன் மூன்றரை சதவீத அளவில்தான் நிற்கும். அதையும் பேராசையோடு மிகைப்படுத்தினால், எஞ்சின் உள்ளே தட்டத் தொடங்கிப் பிஸ்டனையே பதம்பார்க்கும்.

இனி வேகத்துக்கு வருவோம். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது. அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடியாக. ஆகவே 1.035-இன் கன மூலத்தைப் பார்க்க வேண்டும். மணிக்கு 100 கி.மீ. ஓடிய கார் 101 கி.மீ. ஓடும். இதற்கா இத்தனை ஆரவாரம்?

பந்தயக்காரர்கள் வேறு வழி போனார்கள்: எஞ்சினை அதிகம் மூச்சுவிட வைப்பது. இங்கிலாந்தில் இதே 948 கன செ.மீ. எஞ்சினுக்கு இரட்டைக் கார்புரேட்டரும் வேறு சில மாற்றங்களும் செய்து, ஏறத்தாழ 35 குதிரைத்திறனை 45 ஆக்கினார்கள். அப்போதும் வேகம் சுமார் 9 சதவீதமே கூடும். கோவையின் கரிவரதன் எடையைப் பார்த்தார். மாருதி 800-இன் எஞ்சினை இலேசான பந்தயக் கூட்டில் வைத்து 'ஃபார்முலா மாருதி'யை உருவாக்கினார். எனக்குப் பிடித்த பெளதிகம் அது.

திறனைக் கூட்டுவோர் மறப்பது பிரேக்கை. 60 கி.மீ. வேகத்தைவிட 85 கி.மீ. வேகத்தில் இயக்க ஆற்றல் இருமடங்கு. அத்தனையையும் வெப்பமாக்க வேண்டியது அரை நூற்றாண்டுப் பழைய டிரம் பிரேக்! ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் கூட்டத்துக்கு நடுவே இந்தச் சோதனை வேண்டாம். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. வேகத்துக்கென்றே 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது.

அப்படியானால் கொட்டகையில் என்ன செய்வது? தேய்ந்த ரிங்கும், சரியாக மூடாத வால்வும், நேரம் தப்பிய தீப்பொறியும் அந்த எஞ்சினிடமிருந்து எவ்வளவோ திறனைத் திருடியிருக்கும். மூன்றரை சதவீதத்துக்கு ஹெட்டை இழைப்பதைவிட, திருட்டுப் போனதை மீட்பதே எனக்குப் பெரிய பொழுதுபோக்காகத் தோன்றுகிறது. பிளக்கைக் கழற்றி, மெக்கானிக்கிடம் இருக்கும் அழுத்தமானியைப் பொருத்தி, நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து நோட்டில் எழுதுங்கள். லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பதையும் ஒரு மாதம் குறியுங்கள். ஹெட்டை இழைப்பது பற்றி அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுவோம்.