குஸ்தி வாத்தியாரின் நம்பிக்கை

உலகப் பந்தயம் ஒன்று நெருங்கி விட்டால் நமது நாட்டில் இரண்டு விதமான நம்பிக்கைகள் தலையெடுக்கின்றன. ஒன்று, ஹோமம் வளர்ப்பவர்களும், தேங்காய் உடைப்பவர்களும், ஜாதகம் பார்ப்பவர்களும் வைத்திருக்கிற நம்பிக்கை. மற்றொன்று, விடியுமுன் எழுந்து பிள்ளைகளைக் கோதாவில் இறக்கிப் புரட்டி எடுக்கிற குஸ்தி வாத்தியார் வைத்திருக்கிற நம்பிக்கை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று ஜனங்கள் எண்ணி விடுகிறார்கள். முதலாவது நம்பிக்கை பொய்த்துப் போனால் அதை யாரும் கணக்குக் கேட்பதில்லை. இரண்டாவது பொய்த்துப் போனால் வாத்தியார் தன்னையே கணக்குக் கேட்டுக் கொள்ளுகிறார். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

வடநாட்டுக் கோதாக்களில் வெகு காலமாய் அனுமார் படத்தை மாட்டி வைத்து, பிரமசரியம் என்று பேசி, பெண்களை வாசற்படி மிதிக்க விடாமல் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட சீமையில், அரியானாவிலுள்ள பலாலி என்ற கிராமத்தில், மகாவீர் சிங் போகாட் என்ற பயில்வான் தன் சொந்தப் பெண்களையும் சகோதரன் பெண்களையும் கோதாவில் இறக்கினார். அவருடைய வாத்தியாரான சந்தகி ராம் 1970-ம் வருஷம் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் தங்கம் வென்றவர்; தன் பெண்களுக்கும் குஸ்தி கற்பித்தவர். 2000-ம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்கில் ஆந்திர தேசத்துக் கர்ணம் மல்லேஸ்வரி பளு தூக்கி வெண்கலப் பதக்கம் வாங்கியது மகாவீருக்குத் தைரியம் கொடுத்தது. அவர் பெண்களின் மயிரைக் கத்தரித்தார். பையன்களோடு மல்லுக்கு விட்டார். ஊரார் சிரித்தார்கள். இனி இவர்களை எவன் கட்டிக் கொள்ளுவான் என்றும் கேட்டார்கள்.

2010-ம் வருஷம் தில்லிக் காமன்வெல்த் பந்தயத்தில் மூத்த பெண் கீதா தங்கம் வென்றார். 2012-ம் வருஷம் லண்டன் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியக் குஸ்திக்காரியும் அவரே. இடையிலே கழிந்த பத்து வருஷத்தில் எந்தக் கிரகம் கோதாவில் இறங்கி அந்தப் பெண்ணுக்கு ஒரு பிடி சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிறோம்.

நிற்க, 2024-ம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த சங்கதியைப் பார்ப்போம். மகாவீரின் சகோதரன் மகளான வினேஷ், வெளிநாட்டார் எவரிடத்திலும் அதுவரை தோற்றறியாத ஜப்பானியப் பெண் சுசாகியை வீழ்த்தி, ஒரே நாளில் மூன்று குஸ்தி ஜெயித்து, இறுதிப் பந்தயத்துக்குப் போனார். மறுநாள் காலையில் தராசில் ஏறியபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்தது. வெளியேற்றி விட்டார்கள். இரண்டு பிடி அரிசியின் எடை! உடனே நம்மவர்கள் “தலைவிதி” என்றார்கள்.

விதியா அது? குஸ்தியில் எடைக்கு எடை சமமானவர்களைத்தான் மோத விடுகிறார்கள். 2018-ம் வருஷம் முதல் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு நாள் பந்தயம். இரண்டு நாள் காலையிலும் எடை பார்க்க வேண்டும். வினேஷ் அதற்கு முன் 53 கிலோப் பிரிவில் இருந்தவர். அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய் விட்டதால் 50-க்கு இறங்கினார். முதல் நாள் மூன்று குஸ்திக்குத் தெம்பு வேண்டிச் சாப்பிட்டதும் குடித்ததும் எடையைக் கூட்டின. இராமுழுதும் வேர்க்க வைத்தும், மயிரைக் கத்தரித்தும் போதவில்லை. இவ்வளவு வெளிப்படையான காரணங்கள் இருக்கும்போது விதியைக் கூப்பிடுவது, யோசிக்கச் சோம்பல்படுவதே தவிர வேறல்ல.

அதே பாரிஸில், சில நாளுக்குள், அமன் சேராவத் என்ற 21 வயது இளைஞருக்கு அரையிறுதிக்குப் பிறகு நாலரைக் கிலோவுக்கு மேல் எடை கூடியிருந்தது. அவருடைய வாத்தியார்கள் தூங்கவில்லை. மல்லுக்கு விட்டார்கள், வெந்நீரில் உட்கார வைத்தார்கள், ஓட வைத்தார்கள். சுமார் பத்து மணி நேரத்தில் எடை இறங்கிற்று, வெண்கலம் கிடைத்தது. அரையிறுதியில் அவரைத் தோற்கடித்துப் பிறகு தங்கமும் வாங்கிய ஜப்பானியர் ஹிகுச்சியோ, 2021-ம் வருஷம் தகுதிப் பந்தயத்தில் 50 கிராம் கூடுதலால் வெளியே தள்ளப்பட்டவர். அவர் விதியென்று மூலையில் உட்கார்ந்திருந்தால் மூன்று வருஷம் கழித்துத் தங்கம் ஏது?

ஆனால் வாத்தியாரின் நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. கோதாவுக்கு வெளியே இருக்கிற அநீதியை எந்தப் பிடியாலும் வீழ்த்த முடியாது. 2023-ம் வருஷம் வினேஷும், 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய சாட்சி மாலிக்கும், குஸ்திச் சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் பெண்களிடம் தகாதபடி நடந்தாரென்று புகார் கூறி, தில்லித் தெருவில் உட்கார வேண்டி வந்தது. பயிற்சி செய்ய வேண்டிய பெண்கள் தெருவில் கிடந்தார்கள்; மே மாதம் 28-ந் தேதி போலீஸார் அவர்களை இழுத்துச் சென்றார்கள். பதக்கம் வாங்கும்போது “பாரதத்தின் புத்திரிகள்” என்று மார்தட்டினவர்களில் எத்தனை பேர் அன்று வாய் திறந்தார்கள்?

ஆகவே தோழர்களே! 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை எண்ணி எங்கோ ஒரு வாத்தியார் ஒரு சிறு பெண்ணைக் கோதாவில் இறக்கிக் கொண்டிருப்பார். அவர் நம்பிக்கை பலிக்க வேண்டுமானால் ஆணுக்குப் பாலும் பெண்ணுக்குக் கஞ்சியும் ஊற்றுகிற வழக்கத்தை நம் வீட்டில் முதலில் ஒழிக்க வேண்டும். ஓடாதே, குதிக்காதே என்று அவளை அடக்குவதை நிறுத்த வேண்டும். அவள் ஒரு புகார் சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். உடைக்கிற தேங்காயை அவளுக்குத் தின்னக் கொடுங்கள், உடம்பிலாவது ஒட்டும்.