சுவரில் நிற்காத எழுத்து

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் ஒருதரம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கடைச் சுவர், கெஸ்ட் ஹவுஸ் மதில், டியூஷன் வகுப்பு, எங்கே பார்த்தாலும் அரைவாசி உரிந்து காற்றில் அடித்துக்கொண்டிருக்கிற ஸ்டிக்கர். முதலில் விழுவது மெய்யெழுத்தின் புள்ளிதான். சின்னத் துண்டு, பசை பிடிக்கிற இடம் கொஞ்சம், அது எத்தனை நாளைக்கு நிற்கும்? சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே சுவரில் ஒட்டினால் தமிழ்தான் முதலில் பிழையாகிறது. பார்க்கிறவர் 'தமிழ் தெரியாதவன் ஒட்டியிருக்கான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஸ்டிக்கர் வெட்டிப் பிழைக்கிற எனக்கு அது எப்படிச் சுடும், சொல்லுங்கள்!

வழுவழுப்பான சுவர் இங்கே யாரிடம் இருக்கிறது? புட்டி போட்டுத் தேய்க்கிற அளவுக்கு எத்தனை பேரிடம் சல்லி இருக்கு? மேசன் பாஸ் பூசிவிட்டுப் போன சொரசொரப்பின் மேலேயே பெயின்ட். அதில் ஸ்டிக்கரை வைத்து அமுக்கினால் மேடுகளில் மட்டும்தான் பசை படும். பள்ளமெல்லாம் காற்று. போதாததற்கு நம்முடைய உப்பு வேறு. உப்பளத்துக்குப் பேர்போன கரையில்லையா இது? கடல் காற்று சுவரில் உப்பைப் படிய வைக்கும், உப்பு ஈரத்தை இழுக்கும், பெயின்ட் மாவாக உதிரும். பசை அந்த மாவில்தான் ஒட்டுகிறது, சுவரில் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஹீட் கன்னால் ஸ்டிக்கரின் வைனிலை இளக வைத்து, சூடு ஆறுவதற்குள் ஸ்பொஞ்ச் ரோலரால் பள்ளத்துக்குள் அமுக்க வேண்டும். த்ரீஎம் கம்பெனி இதற்கென்றே ரோலர் விற்கிறது. என்ன அது? ஒரு கைப்பிடி, சூடு தாங்குகிற ஒரு சின்ன ஸ்பொஞ்ச் உருளை. அவ்வளவுதான். புத்தளத்து ஹாட்வெயார் கடைகளில் கேட்டால் பெயின்ட் ரோலரை எடுத்துத் தருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் ஒரு பெட்டிக்கடைச் சுவர் வேலையின் கூலி அதிலேயே போய்விடும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது, 2024 ஜனவரியில் வாட் 18 சதவீதமானது. எங்கள் கூலி மட்டும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

அதனால்தான் கையில் இருப்பதை வைத்துச் செய்கிறோம். குட்டை மயிர் கொண்ட சப்பாத்து பிரஷ், புதிதாக, பொலிஷ் படாததாக இருக்க வேண்டும். குத்திக் குத்தி அமுக்கினால் பள்ளத்துக்குள் நன்றாக இறங்குகிறது. பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றிய கெட்டி ஸ்பொஞ்ச் கட்டையும் உதவும். இவை ரோலருக்கு முழுச் சமமில்லை, நேரம் எடுக்கும், கை வலிக்கும். ஆனால் ஒட்டியது நிற்கும். பழைய ஏடிஎம் கார்டால் மட்டும் தேய்க்காதீர்கள். கண்ணாடிக்குச் சரி, இந்தச் சுவரில் மேட்டை மட்டும் தேய்த்து ஸ்டிக்கரைக் கிழித்துவிடும்.

சூட்டில் மாத்திரம் குறுக்கு வழி கிடையாது. ஹெயார் டிரையரைக் கொண்டு வந்து நிற்கிறார்கள். முடி கருகக் கூடாது என்று செய்த சாமானில் அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்? அதுவும் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்றில்? கைட் சர்ஃபிங்குக்கு வருகிற வெள்ளைக்காரர் கொண்டாடுகிற அதே காற்று எங்கள் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. விடியற்காலையில் காற்றுக் குறைவுதான், ஆனால் சுவர் ஈரமாக இருக்கும். இன்னும் சிலர் கேஸ் டோர்ச்சை எடுக்கிறார்கள். தம்பிமாரே, வைனில் என்பது பிவிசிதான், அது கருகினால் வருகிற புகை அமிலப் புகை. நெஞ்சைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் கோபம் ரோலரோடு முடியவில்லை. வைனிலில் இரண்டு வகை உண்டு. காஸ்ட் என்பது சுமார் 50 மைக்ரோன் மெல்லிசு, பள்ளத்தில் படிந்தால் அப்படியே கிடக்கும். காலண்டர்ட் தடிப்பானது, உருளைகளில் நசுக்கி இழுத்துச் செய்வது. சூடு ஆறினால் பழையபடி தட்டையாகிவிடப் பார்க்கும், வெயிலில் சுருங்கும். கடையில் ரோல் வாங்கும்போது எது என்று கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் நானா, கொண்டு போங்க" என்கிறார் விற்கிறவர். ரோலின் மேல் ஒரு விபரமும் இல்லை. வாங்குகிறவர் கேட்பதில்லை, ஒட்டுகிறவர் சொல்வதில்லை. சல்லி கைக்கு வரும் வரைக்கும் நின்றால் போதும் என்றாகிவிட்டது. சுவரைத் தண்ணீரால் கழுவிக் காய விடுவதற்குக்கூட யாருக்கும் பொறுமை கிடையாது. தலவில தேவாலயத் திருநாள் நெருங்கினால் "இண்டைக்கே ஒட்டித் தாங்க" என்று வந்து நிற்பார்கள். மழைக்குப் பிறகு உரிந்தால் ஏச்சு வாங்குவது யார்?

இப்போது நான் ஒட்டுவதற்கு முன் பெக்கிங் டேப்பைச் சுவரில் அழுத்தி வெடுக்கென்று இழுத்துக் காட்டுகிறேன். டேப்பில் பெயின்ட் மாவு வந்தால் ஸ்டிக்கர் வேண்டாம் என்று நேரே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரைச் சுரண்டிக் கழுவி, வைனிலை எழுத்து வெட்டிய அச்சாக வைத்து, ஸ்பொஞ்சில் பெயின்டைக் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றினால் புள்ளி உட்பட எல்லா எழுத்தும் நிற்கும். செலவும் குறைவு. சிலர் சம்மதிக்கிறார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

உடப்பு, மதுரங்குளி, பாலாவி, கற்பிட்டி என்று இதே தொழில் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். எல்லோருமாகச் சேர்ந்து நல்ல ஹீட் கன் ஒன்றும் அந்த ரோலரும் எடுப்பித்து மாறி மாறிப் பாவிப்போம், என் பங்கு சல்லி தயார் என்று. பார்ப்போம் என்கிறார்கள். எப்போது பார்ப்பது? அடுத்த காற்றுக்காலமும் வந்துவிடும்.