ஆறில் ஐந்து

இடுப்பில் ரிவால்வர் தொங்க, குதிரை மீதேறி வரும் அமெரிக்க ஷெரீப்பை ஸினிமாவில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவருடைய குறியும் தப்புவதில்லை, தோட்டாவும் தீர்வதில்லை! சரித்திரம் சொல்லும் கதையோ வேறு.

1873-ல் கோல்ட் கம்பெனியார் வெளியிட்ட பிரஸித்தி பெற்ற ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் போடலாம். ஆனால் விவரமறிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுத்திக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டுவிடுவார்கள். துப்பாக்கி கை தவறி விழுந்தால் தானாகவே வெடித்துவிடும் என்ற அச்சந்தான் காரணம்.

அந்த அச்சம் வீண் அல்ல. 1876 ஜனவரியில், கான்ஸாஸிலுள்ள விச்சிட்டா நகரில், வையட் எர்ப் என்னும் புகழ்பெற்ற காவலர் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தார். ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்தது. டுமீல்! குண்டு அவருடைய கோட்டைத் துளைத்துக்கொண்டு கூரை வழியே போயிற்று. அவர் பிழைத்தது தெய்வாதீனம்.

1881 அக்டோபர் 26-ல் அரிஸோனாவிலுள்ள டூம்ஸ்டோன் நகரில் எர்ப் சகோதரர்கள் நடத்திய சண்டை உலகப் பிரஸித்தம். சுமார் அரை நிமிஷத்தில் மூவர் மாண்டனர். அன்று நகரக் காவல் தலைவர் விர்ஜில் எர்ப் எதற்காகப் புறப்பட்டார் தெரியுமா? ஊருக்குள் ஆயுதம் தாங்கலாகாது என்ற நகரச் சட்டப்படி, எதிராளிகளின் துப்பாக்கிகளை வாங்கி வைப்பதற்காக!

துப்பாக்கியை நன்கு அறிந்தவர்களே அதற்கு அதிகமாக அஞ்சினார்கள். அந்தக் காலி அறையும் அந்தச் சட்டமும் நமக்கு உணர்த்துவது இதுதான். இனி ஸினிமாவில் ஷெரீப் சுடும்போது வெடிகளை எண்ணிப் பாருங்கள். ஆறாவது வெடி கேட்டால், அவர் விவரமறிந்த காவலர் அல்லர் என்று வைத்துக்கொள்ளலாம்!