மூன்று வயதுக்குள்

பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும்: செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம் என்று பாட்டியல் நூல்கள் குழந்தையின் வளர்ச்சிக்குத் திங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. கணக்குத் தப்பிய குழந்தைகளைப் பற்றி அந்நூல்களுக்குக் கவலையில்லை; பாட்டுடைத் தலைவர்கள் எல்லோரும் உரிய மாதத்தில் கைகொட்டிவிடுகிறார்கள். கைகொட்டாத குழந்தைகளுக்கென அமெரிக்க மத்திய அரசு 1986 இல் ஒரு சட்டம் செய்தது. பிறந்தது முதல் மூன்று வயது வரை, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளை மாநிலங்கள் கண்டறிந்து, இயன்றவரை அவர்களின் வீட்டிலேயே பயிற்சியளிக்க வேண்டும். மத்திய அரசு உதவித்தொகை தரும். ஆரம்பநிலை இடையீடு என்று இதற்குப் பெயர். யாருக்குத் தகுதி, பயிற்சி தருபவருக்கு எவ்வளவு ஊதியம் என்பதை மாநிலங்களே வகுத்துக்கொள்கின்றன. ஆகவே இச்சட்டத்தின் உயிர் மாநிலத் தலைநகரங்களில்தான் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இத்திட்டம் 1993 முதல் நடந்து வருகிறது. உடலியக்கம், அறிதல், பேச்சு, பிறரோடு பழகுதல், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளுதல் ஆகிய ஐந்தில் ஒன்றில் 12 மாதப் பின்னடைவோ 33 சதவீதப் பின்னடைவோ, அல்லது இரண்டில் 25 சதவீதப் பின்னடைவோ இருந்தால் பொதுவாகத் தகுதி உண்டு. (பேச்சு மட்டும் தாமதமான குழந்தைக்கு அளவுகோல் இன்னும் கடினம்.) குடும்பம் கைக்காசு தரவேண்டியதில்லை. படிக்கும்போது வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் இங்கே காலம்தான் மூலதனம். குழந்தையைப் பற்றித் தகவல் வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீடும் திட்டமும் முடியவேண்டும். பெற்றோர் சம்மதித்தபின் 30 நாட்களுக்குள் பயிற்சி தொடங்கவேண்டும். மொத்தம் 75 நாட்கள், அதாவது இரண்டரை மாதம். இருபது மாதக் குழந்தைக்கு மூன்று வயது நிறைய இன்னும் பதினாறு மாதங்களே உள்ளன. விதி ஒரு நாளும் பிசகாமல் நடந்தாலும் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காத்திருப்பிலேயே கழிந்துவிடுகிறது. விதி பிசகினால்? மூளை வெகுவேகமாக வளரும் அந்த மாதங்களை எந்த நீதிமன்றமும் பின்னால் திருப்பித் தர இயலாது.

விதி பிசகுவதற்குப் பெரும்பாலும் காரணம் எளியது: வர ஆளில்லை. பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறைப் பயிற்சியாளரும் வீடு வீடாகப் போகிறார்கள். ஊதியம் பெரும்பாலும் அளித்த பயிற்சிக்கு மட்டுமே. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாசலிலிருந்தே திரும்பினால் அன்றைய பயணம் வீண். இப்படிப்பட்ட வேலைக்கான தொகையை மாநிலம் 2010 இல் 10 சதவீதம் குறைத்தது. 2011 இல் மேலும் 5 சதவீதம் குறைத்தது. 2019 இல் பேச்சு, இயன்முறை, செயல்முறைப் பயிற்சிகளுக்கு 5 சதவீதம் கூட்டியது. 2024 ஆம் ஆண்டு நிதிநிலைச் சட்டம் நேரில் தரும் பயிற்சிக்கு மீண்டும் 5 சதவீதம் கூட்டியது. கிராமப்புறங்களுக்கும் சேவை குறைந்த பகுதிகளுக்கும் இன்னும் சிறிது. இந்த நான்கு மாற்றங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், முன்பு 100 டாலராக இருந்தது 94 டாலர் சொச்சத்தில் வந்து நிற்கிறது. இடையில் வாடகையும் பெட்ரோலும் என்ன ஆயின என்பதை வாசகர்களே அறிவார்கள். உரிமையை ஒரு சட்டத்தில் எழுதி, அதைக் கொண்டுவந்து சேர்ப்பவரின் கூலியை இன்னொரு சட்டத்தில் வெட்டுவதை வஞ்சகம் என்றே சொல்வோம். கவனக்குறைவு என்று கொள்ள நமக்கு மனமில்லை. காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக்கு 4 கோடி டாலர் பெற வழிசெய்யும் சட்டம் 2021 இல் வந்தது. நல்லதே. ஆனால் வருகிற பணம் பயிற்சி தருபவரின் கைக்குப் போய்ச் சேரவேண்டும் அல்லவா?

மொழி ஆர்வலர்களான நமக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. மதிப்பீடு குழந்தையின் வீட்டு மொழியில் நடக்கவேண்டும் என்பது மத்திய விதி. கூடவே ஒரு விலக்கும் உண்டு: அது இயலாது என்று தெளிவாகத் தெரிந்தாலொழிய. அந்த விலக்கின் வழியாகத் தமிழ்க் குழந்தைகள் நழுவிப் போகும் சாத்தியத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். தண்ணி, தாத்தா, நிலா என்று பத்துப் பன்னிரண்டு சொற்களை மழலையில் சொல்லும் குழந்தை, தமிழறியாத காதுக்குப் பேசாத குழந்தையே. இன்னொரு புறம், உண்மையிலேயே பேச்சுத் தாமதமான குழந்தையின் பெற்றோரிடம் வீட்டில் தமிழை நிறுத்திவிடுமாறு அறிவுரை கூறுவோர் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை என்பது ஆய்வுகளில் நிலைபெற்ற செய்தி. பாட்டியின் மொழியைப் பறித்துக் குழந்தைக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. மொழியறிந்த மதிப்பீட்டாளரைத் தேடிய முயற்சியை எழுத்தில் காட்டினால் மட்டுமே விலக்கு என்று மாநிலச் சட்டம் கேட்கலாம்.

(நம் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. “அவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்” என்பது ஆறுதல்தான், மதிப்பீடு ஆகாது.)

மாநிலங்களால் முடியாது என்பதற்கில்லை. மேரிலாந்து 2010 முதல், பெற்றோர் விரும்பினால் மூன்று வயதுக்குப் பிறகும் இதே சேவையைத் தொடர வழி வைத்திருக்கிறது. இல்லினாய் 2022 முதல், மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் மூன்று வயது நிறையும் குழந்தைகள் பள்ளி ஆண்டு தொடங்கும்வரை நீடிக்க அனுமதித்தது. கோடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் விடுபட்ட சில மாதங்களை அந்தச் சிறிய திருத்தம் அடைத்தது. அதேபோல் விலைவாசியோடு தொகை ஆண்டுதோறும் தானே உயரும்படி நியூயார்க் ஒரு விதியைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம். அம்மாநில நிதியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குகிறது. அங்கே வாழும் வாசகர்கள் தங்கள் சட்டசபை உறுப்பினருக்கு ஜனவரியிலேயே எழுதிவிடுவது நல்லது; மார்ச் கடைசியில் வரும் கடிதத்தைப் படிக்க அங்கே யாருக்கும் நேரமிராது.