கரையில் இருந்த குழந்தை

மயிலை லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்கா நம் அன்பர்கள் பலருக்கும் பழக்கமான இடம். அமிர்தாஞ்சன் தைலத்தையும் ‘ஆந்திர பத்திரிகை’யையும் தோற்றுவித்த காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கி நிற்பது. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். ஆகவே மாலையில் என் நான்கு வயதுப் பேத்தியை அங்கே விளையாடவிட்டு, பிறகு கபாலீசுவரர் சந்நிதிக்கு அழைத்துச் செல்வது என் கடமை.

ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் செய்ய வேண்டிய பஞ்சாட்சர ஜபம் பாக்கி இருந்தது. பேத்தி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். ‘நூற்றெட்டுதானே, முடித்துவிடலாம்’ என்று மரநிழல் பெஞ்சில் அமர்ந்து கண்களை மூடினேன். மனம் அன்று அபூர்வமாகக் குவிந்தது. ஜபம் முடிந்த நிறைவோடு கண் திறந்தேன். ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சறுக்குமரத்தின் பின்னால் இல்லை, மணலில் இல்லை, தண்ணீர்க் குழாயருகிலும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், குரல் எழும்பவில்லை. சாலையில் வாகனங்கள் விரையும் ஓசை அப்போதுதான் என் காதில் விழுந்தது. வாசலை நோக்கி ஓடினேன். செடிகளுக்குத் தண்ணீர் விடும் அம்மாள் ஒருவர் குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார். பலூன்காரரைத் தொடர்ந்து வாசற்படி வரை போய்விட்டாளாம்.

“பெரியவரே, கண்ணை மூடிக் கும்பிட வீடு இருக்கு, கோயில் இருக்கு. இங்கே கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கும்பிடுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

வங்கியில் பணியாற்றிய காலத்தில் எண்ணாத பணத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு கணமும் நான் முகம் திருப்பியதில்லை. பிறர் பணத்துக்கு இருந்த அந்த விழிப்பு, பிறர் என்னிடம் நம்பி ஒப்படைத்த குழந்தைக்கு இல்லாமற்போனதே!

அன்றிரவு சீகாழித் திருக்குளம் நினைவுக்கு வந்தது. சிவபாதஇருதயர் மூன்று வயதுப் பிள்ளையைக் கரையில் இருத்திவிட்டு நீரில் மூழ்கி மந்திரம் ஜபித்தார். தந்தையைக் காணாத பிள்ளை திருத்தோணியைப் பார்த்து அழுதது. உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினாள். ‘அவரும் குழந்தையை விட்டுவிட்டுத்தானே மூழ்கினார்?’ என்று என் மனம் எனக்குச் சமாதானம் தேடியது.

ஆனால் சேக்கிழார் பெருமான் அந்தச் சமாதானத்துக்கு இடம் வைக்கவில்லை. பிள்ளையைப் பிரிய அஞ்சி அந்தத் தந்தை நீரில் இறங்கவே தயங்கினார் என்கிறார். எதிரே எழுந்தருளியிருந்த தோணியப்பரை வணங்கிய பிறகே இறங்கினாராம். நானோ அஞ்சவும் இல்லை, ஒப்படைக்கவும் இல்லை; மறந்தேன். மறதிக்குப் பக்தி என்று பெயர் சூட்டிக்கொண்டேன். அப்படியும் அம்பிகை கைவிடவில்லை. ஈரக் கையோடு செடிகளிடையே வந்து என் குழந்தையைப் பிடித்துக்கொடுத்தாள்.

மருமகளிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று ஓர் எண்ணம் எழுந்தது. கணக்கில் பிழை நேர்ந்தால் அன்றே எழுதிவிட வேண்டும் என்பது பழைய தொழிலின் பாடம். சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “நாளைக்கும் நீங்கள்தான் அழைத்துப்போக வேண்டும், அப்பா” என்றாள். எந்தக் கண்டனமும் அவ்வளவு கனத்திருக்காது.

என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்குச் சில வார்த்தைகள். நிழல் உள்ள பெஞ்சைத் தேடாதீர்கள். விளையாட்டுத் திடலும் வாசலும் ஒருசேரத் தெரியும் பெஞ்சைத் தேடுங்கள். வெயிலில் காய்ந்த தகரச் சறுக்குமரம் தொடையைச் சுட்டுவிடும்; முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தன் பெயரையும் பெற்றோர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் குழந்தைக்குச் சுலோகம் போலவே மனப்பாடம் செய்வியுங்கள். வங்கிப் பெட்டகத்துக்குச் சாவிகள் இரண்டு. இருவர் சேர்ந்துதான் திறக்க முடியும். அதுபோல இயன்றவரை இருவராகச் செல்லுங்கள். ஒருவர் ஜபமாலையை எடுத்தால் மற்றவர் குழந்தையைப் பார்க்கட்டும்.

இப்போது ஜபத்தை விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறேன். மாலையில் பேத்தியின் ஊஞ்சலைத் தள்ளுகிறேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் ‘சிவாய நம’ என்று மனத்துக்குள் ஒரு முறை. கண்கள் திறந்தே இருக்கின்றன. நூற்றெட்டு ஆவதற்குள் அவள், “போதும் தாத்தா, கோயிலுக்குப் போகலாம்” என்று இறங்கிவிடுகிறாள். மீதியைக் கபாலீசுவரர் கணக்கில் வைத்துக்கொள்வார்.