மேடை அங்கே, உழைப்பு இங்கே!

ஆண்டுதோறும் ஜூன் திங்களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கூப்பர்டினோ என்னும் ஊரில் ஆப்பிள் நிறுவனம் ஒரு மாநாடு கூட்டுகிறது. மென்பொருள் எழுதுவோருக்கான மாநாடு என்று அதற்குப் பெயர். 2025-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் அது தொடங்கியபோது நம் நாட்டில் இரவு மணி பத்தரை. ஊர் உறங்கப்போகும் வேளை. ஆனால் கைப்பேசிச் செயலி எழுதிப் பிழைப்பவன் உறக்கத்தை ஒத்திவைக்க வேண்டிய வேளை. ஏனென்றால் அந்த மேடையில் சொல்லப்படுவதுதான் அவனுக்கு அடுத்த ஓராண்டுக்குச் சட்டம்!

"அமெரிக்காவில் ஒரு கம்பெனி கூட்டம் போடுகிறது, செங்கற்பட்டில் கொடி பிடிக்கும் நமக்கு அதில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது, நிரம்ப இருக்கிறது.

செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா உலக நகரத்திலே 2022 செப்டம்பரில் பெகட்ரான் என்னும் தைவான் நிறுவனத்தின் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே உருவாவது அதே ஆப்பிளின் ஐபோன். 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளையில் 60 விழுக்காட்டுப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிக்கொண்டது. முதலாளி மாறினார், கருவியைக் கோக்கும் கை மாறவில்லை. அது நம் வீட்டுப் பிள்ளைகளின் கை.

அங்கிருந்து கிழக்கே வந்தால் பழைய மாமல்லபுரம் சாலை. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது முதல் இந்தச் சாலை நெடுகிலும் கண்ணாடி மாளிகைகள் முளைத்தன. சிறுசேரியில் சிப்காட் பூங்கா. கூடுவாஞ்சேரி அருகே சோகோ நிறுவனத்தின் தலைமையகம். கருவிக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவோர் பல்லாயிரவர் இங்கே. ஆக, பெட்டியைச் செய்பவனும் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருக்கிறான். பெட்டிக்கு உயிர் கொடுப்பவனும் இதே மாவட்டத்தில் இருக்கிறான். இருவருக்கும் விதி எழுதும் மேடை மட்டும் கூப்பர்டினோவில் இருக்கிறது!

அந்த மேடையின் வலிமைக்குத் தமிழே ஒரு சான்று. ஐபோனில் பிறர் எழுதிய விசைப்பலகையை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த நெடுநாள் இடமில்லை. தமிழில் தட்டுவதற்கு ஒருவன் எவ்வளவு சிறந்த விசைப்பலகையை ஆக்கினாலும், அவன் செயலிக்கு வெளியே அது செல்லாது. 2014 ஜூன் மாநாட்டில் "இனி அனுமதிக்கிறோம்" என்று அறிவித்தார்கள். கதவு திறந்தது. மகிழ்ச்சிதான்! ஆனால் எண்ணிப் பாருங்கள்: நம் மொழியை நாம் எழுதுவதற்கான வழி, எவரோ ஒருவரின் மாநாட்டு மேடையில் வரமாக அல்லவா வந்தது? வரம் என்றால் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். உரிமை என்றால் முடியாது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

சோகோ நிறுவனம் "அரட்டை" என்று அழகு தமிழில் பெயர் சூட்டி ஒரு செய்திச் செயலியை உருவாக்கியது. 2025 செப்டம்பர் இறுதியில் இந்தியாவெங்கும் மக்கள் அதை விரும்பி இறக்கினார்கள். கூடுவாஞ்சேரியில் பிறந்த பொருள் செங்கற்பட்டுக் கடைத்தெருவில் நிற்பவன் கைக்கு எந்த வழியாக வந்தது? ஆப்பிள் கடை வழியாக. இல்லையேல் கூகிள் கடை வழியாக. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பது பழமொழி. இந்தக் கோயிலில் பூசாரிகள் இருவரே!

பூசாரி தட்டில் எவ்வளவு விழ வேண்டும்? ஆப்பிளின் கடையில் பொருள் வைக்கவே ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். செயலிக்குள் விற்கும் மின்வடிவப் பொருளுக்கும் சந்தாவுக்கும் நூற்றுக்கு 30 என்பது அவர்கள் வகுத்த பங்கு. ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டாலருக்கு மேற்படாத சிறியவர்களுக்கு 2021 முதல் நூற்றுக்கு 15 என்று குறைத்தார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் பாட்டன் சொன்னது வயலுக்கு மட்டுமா பொருந்துகிறது?

ஆம், இது வயல் கணக்கேதான்! செங்கற்பட்டுச் சீமைக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மிராசு என்ற சொல் கோலோச்சிய மண் இது. நிலம் மிராசுதாரருடையது, உழைப்பு பயிர்க்குடியினுடையது, வாரம் எவ்வளவு என்று சொல்வது மட்டும் மிராசுதாரரின் வாய். அறுவடை முடிந்ததும் விருந்து வைப்பார். விருந்தின் முடிவில் அடுத்த ஆண்டு வாரத்தை அறிவிப்பார். உண்டவன் கை கழுவுமுன் கணக்கு வந்துவிடும். கூப்பர்டினோ மாநாட்டில் இசை உண்டு, ஒளி உண்டு, கைதட்டல் உண்டு. விருந்தும் உண்டு, வாரமும் உண்டு!

நிறுவனத்தின் மறுமொழியையும் மறைக்காமல் சொல்வோம். "கருவிகளை நாங்கள் கொடுத்தோம், உலகச் சந்தையைத் திறந்துவிட்டோம், திருட்டுச் செயலிகளிலிருந்து மக்களைக் காக்கிறோம், இலவசச் செயலிகளிடம் பங்கு கேட்பதில்லை, 2020 முதல் மாநாட்டையே இணையத்தில் காசின்றிக் காட்டுகிறோம்" என்கிறார்கள். இவற்றில் உண்மை இருக்கிறது. முன்பு நேரில் செல்ல 1,599 டாலர் நுழைவுக் கட்டணம் வாங்கிய மாநாடு அது. இன்று ஏழை மாணவனும் பார்க்கலாம். நன்று. ஆனால் மிராசுதாரரும் இதைத்தானே சொன்னார்? "ஏரி வெட்டியது என் பாட்டன், விதை நெல் என்னுடையது" என்றார். அதற்கு நாடு என்ன விடை சொன்னது? 1955-இல் குத்தகை உழவரைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1956-இல் நியாய வாரச் சட்டம் வந்தது. நிலம் உன்னுடையதாகவே இருக்கட்டும். ஆனால் விலக்குவதற்கும் வாரம் வாங்குவதற்கும் வரம்பு உண்டு என்று சட்டமன்றம் சொன்னது. அந்த அறம் வயலுக்கு ஏற்றது என்றால் கைப்பேசிக்கு மட்டும் ஏன் ஏற்காது?

வெளியேற்றம் என்பது வெறும் கற்பனையன்று. 2024 மார்ச் முதல் நாள், கட்டணத் தகராற்றில் இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து அகற்றியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட திருமண வரன் நிறுவனத்தின் செயலிகளும் அவற்றுள் அடங்கும். அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பின. அரசின் காதுக்கு எட்டும் அளவுக்குப் பெரிய நிறுவனம், தப்பியது. நான்கு பேர் கூடி நாவலூரில் நடத்தும் சிறு கடையின் குரல் எந்த அமைச்சரின் காதுக்கு எட்டும்?

உலகம் வாளாவிருக்கவில்லை. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ தண்டம் விதித்தது. வெளியே குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பதைப் பயனருக்குச் சொல்லவிடாமல் செயலி ஆக்குவோரின் வாயை அடைத்தது குற்றம் என்றது. அதே ஏப்ரல் 30-இல் அமெரிக்க நீதிமன்றமே, ஆப்பிள் தன் ஆணையை வேண்டுமென்றே மீறியதாகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் என்ன நடந்தது? 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகிளின் கடை விதிகளுக்காக ரூ. 936.44 கோடி தண்டம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரூ. 216.69 கோடியாகக் குறைத்தது. எண்ணியல் போட்டிச் சட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒரு வரைவு வெளியிட்டார்கள். வரைவு பசி தீர்க்காது. தண்டம் குற்றம் நடந்த பின் வருவது. சட்டம் குற்றம் நடக்குமுன் நிற்பது. நமக்குத் தேவை சட்டம்.

சட்டம் தானாக வராது. கேட்கும் குரல் ஒன்றாக வேண்டும். 2021 டிசம்பரில், ஐபோன் ஆலைப் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றபோது, திருப்பெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அதன் பிறகுதான் ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024-இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவு பெற்றது. மென்பொருள் ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆயினும் கண்ணாடி மாளிகையில் இருக்கும் தம்பி, "நான் தொழிலாளி அல்ல" என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை பூணாரமாகத் தெரிகிறது அவனுக்கு. அது பறிக்கப்படும் நாளில்தான் அது வெறும் கயிறு என்று தெரியவருகிறது.

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியை அறிவீர்கள். 2022-இல் உலகச் சதுரங்க வீரர்கள் கூடிய ஊர். அங்கே பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன் என்பது ஒன்று; கொல்லன் சேமகன் என்பது இன்னொன்று. கடற்கரைக் கோயில் பகுதியில் உளி பிடித்தவர்களின் பெயர்கள் இவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர்களுள் கல் கொத்திய தச்சனும் உண்டு, உளி அடித்துக் கொடுத்த கொல்லனும் உண்டு. இருவர் பெயரும் ஒரே இடத்தில்! புகழ் மன்னனுக்குப் போயிற்று. ஆயினும் தங்கள் பெயரைத் தாங்களே பொறித்துக்கொள்ள அவர்கள் தவறவில்லை. கருவி செய்யும் செங்கற்பட்டுத் தொழிலாளியும் மென்பொருள் எழுதும் சிறுசேரித் தம்பியும் ஒரே பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ளக் கூடாதா?

ஆகவே கேட்கிறோம். செயலிக் கடைகளின் பங்குக்குச் சட்டம் வரம்பு கட்டட்டும். காரணம் சொல்லாமலும், முறையீட்டுக்கு வழி வைக்காமலும் எவர் செயலியையும் அகற்றக்கூடாது என்று விதிக்கட்டும். தமிழுக்கு இடம் என்பது மேடையில் தரும் வரமாக இல்லாமல், இங்கே விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் நிபந்தனையாகட்டும்.

தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். பழைய மாமல்லபுரம் சாலையின் தேநீர்க் கடைகளில் ஆலைத் தொழிலாளியும் கணினி ஊழியரும் ஒரே பலகையில் அமர்ந்து தேநீர் குடிக்கிறார்கள், ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அவர்களைப் பேசவையுங்கள். கூப்பர்டினோவில் ஆண்டுக்கொரு மாநாடு நடக்கட்டும். செங்கற்பட்டில் மாதந்தோறும் கூட்டம் நடக்கட்டும்!