டயரியும் கதையும்

ஒரு கதையைப் படித்து முடித்தவுடனே, "இது நிஜமாக நடந்ததா?" என்று கேட்கிற அன்பர்கள் நம்மிடையே அதிகம். நடந்தது என்றால் கதைக்கு மதிப்பு ஏறிவிடுகிறது. கற்பனை என்றால், 'அவ்வளவுதானா!' என்று புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். டயரிதான் உண்மை, கதை அதற்கு அடுத்தபடி என்பது இவர்களுடைய சித்தாந்தம். இதை மறுப்பதற்கு ஒரு கிராமத்து டாக்டரைச் சாட்சியாக அழைக்கிறேன்.

ருஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்காகவ் டாக்டருக்குப் படித்தவர். 1916 செப்டம்பரில், இருபத்தைந்து வயதில், ஸ்மொலென்ஸ்க் மாகாணத்து நிகோல்ஸ்கொயே கிராம ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு வருஷம் அங்கே வேலை பார்த்தார். அவரைப் பற்றி மூன்று காகிதங்கள் உண்டு.

முதலாவது, வேலையை விட்டபோது உள்ளூர் நிர்வாகம் கொடுத்த சர்ட்டிபிகேட். வெளி நோயாளிகளின் வருகைகள் 15,361. ஆஸ்பத்திரியில் தங்கியவர்கள் 211. செய்த ஆபரேஷன்களும் வரிசையாக உண்டு. கணக்கில் குறையில்லை. ஆனால், டிப்தீரியா கண்ட குழந்தைக்கு வைத்தியம் செய்த டாக்டர், தொற்றுக்குப் பயந்து தானும் சீரம் போட்டுக்கொண்டு, அதனால் வந்த வேதனை தாங்காமல் மார்பின் ஊசியைத் தொட்டு, அதற்கே அடிமையாகிப் போனாரே, அது அதில் இல்லை. சர்ட்டிபிகேட்டில் எப்படி இருக்கும்?

இரண்டாவது, பிற்பாடு மாஸ்கோவில் அவர் எழுதிய நிஜமான டயரி. 1926-ல் ரகசியப் போலீஸ் வீட்டைச் சோதனை போட்டு அதை எடுத்துப் போயிற்று. சில வருஷங்கள் கழித்துத் திரும்பக் கிடைத்ததும் அவரே அதைக் கொளுத்திவிட்டார். போலீஸார் எடுத்து வைத்திருந்த பிரதிதான் மிஞ்சியது.

மூன்றாவது, 1927-ல் வைத்தியத் துறைப் பத்திரிகை ஒன்றில் வெளியான 'மார்பின்' என்ற கதை. பொலியகவ் என்ற கிராமத்து டாக்டரின் டயரியாகவே அதன் பெரும்பகுதி அமைந்திருக்கிறது. ஊசி அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில் சுட்டுக்கொண்டு சாகிறான். சர்ட்டிபிகேட் சொல்லாததை, மற்ற டாக்டர்கள் படிக்கும் பத்திரிகையிலேயே இந்தப் பொய் டயரி சொல்லிவிட்டது.

"அப்படியானால் அது அவர் சொந்தக் கதைதானே!" என்று அன்பர்கள் துள்ளுவார்கள். இல்லை. புல்காகவ் சுட்டுக்கொள்ளவில்லை. மனைவி தாத்தியானாவின் துணையோடு பழக்கத்தை விட்டொழித்து, 1940 வரை வாழ்ந்தார். பொலியகவை யாராலும் மீட்க முடியவில்லை. கதையை வாக்குமூலமாகப் படித்தால் அதன் முக்கியமான சம்பவமே பொய்யாகிவிடும்.

தான் தப்பித்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று காட்ட, தப்பிக்காத ஒருவனை அவர் சிருஷ்டிக்க வேண்டியிருந்தது. இந்தக் காரியத்தை எந்த டயரியாலும் செய்ய முடியாது. டயரியில் எழுதுகிறவனுக்கு நேர்ந்தது மட்டும்தான் இருக்கும். நேர்ந்திருக்கக் கூடியது இராது.

ஆகவே, நல்ல கதை ஒன்று கையில் கிடைத்தால் ஆசிரியரின் பூர்வோத்தரங்களை விசாரிக்கப் புறப்படாதீர்கள். 'இந்த நிலைமையில் மனிதன் இப்படித்தான் ஆவானா?' என்று கேளுங்கள். ஆவான் என்று உங்கள் மனம் ஒப்புக்கொண்டால், நடந்ததா என்கிற கேள்விக்கு அப்புறம் வேலையே இல்லை.